கிழித்துக் கொடுத்த புரோநோட்டு

அப்பாவின் வேதபுத்தகத்துக்குள் ஒரு கிழிந்த புரோநோட்டு இருக்கிறது. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் குறுக்காக அவர் போட்ட கையெழுத்து. அதன் நடுவிலேயே தாள் இரண்டாகக் கிழிந்திருக்கும். ராஜவாய்க்கால் தண்ணீரில் கரும்பு போட்டு, வெல்லம் விலை விழுந்த ஒரு வருஷம் கொமரலிங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் வாங்கிய கடன் அது. அடுத்த வெள்ளாமையில் வட்டியும் முதலுமாகக் கட்டி முடித்துவிட்டார். நோட்டு மட்டும் கைக்கு வரவில்லை. "எங்கியோ வெச்சுப்போட்டனுங்க, தேடித் தாரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் கடன் கொடுத்தவர். கெட்ட மனுஷர் இல்லை, மறதிக்காரர்.

அந்த ஏழெட்டு மாதம் அப்பா சரியாகத் தூங்கவில்லை. நடுச்சாமத்தில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். "அதுதான் கட்டிப்போட்டம்ல, வந்து படுங்க" என்பார் அம்மா. "கட்டுனது எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதல்ல" என்பது அப்பாவின் பதில். ஒருநாள் காலையில் அந்தப் பெரியவர் குடையும் கையுமாக வந்தார். பழைய பஞ்சாங்கத்துக்குள் இருந்ததாம். திண்ணையில் உட்கார்ந்து, எல்லோர் கண்ணெதிரிலும் நோட்டைக் கிழித்து அப்பா கையில் கொடுத்தார். அன்று ராத்திரி அப்பா விட்ட குறட்டை இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தத் தாளை அவர் வைத்துக்கொண்ட இடம் கொலோசெயர் நிருபம், இரண்டாம் அதிகாரம். நமக்கு எதிராக நின்ற கையெழுத்தைக் கடவுள் அழித்து, சிலுவையில் ஆணியடித்துவிட்டார் என்று பவுல் எழுதுவது அங்கேதான். அவர் கிரேக்கத்தில் ஆண்ட சொல் கெய்ரோகிராபோன். கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக்கொடுக்கும் சீட்டு. புரோநோட்டேதான்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் பாவமன்னிப்பைப் பற்றிய கேள்வி உண்மையில் இரண்டு கேள்வி. கடன் தீர்ந்ததா என்பது ஒன்று. தீர்ந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு எல்லாச் சபைகளும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன. திருச்சபை வரலாற்றில் நடந்த பெரிய சண்டைகளில் சில இரண்டாவதைப் பற்றியவை. நான் பார்த்தவரையில், சபைகளில் ராத்தூக்கம் இழந்து கிடப்பவர்களின் வேதனையும் பெரும்பாலும் இரண்டாவதில்தான் இருக்கிறது.

இயேசு கற்றுக்கொடுத்த செபத்தையே எடுத்துக்கொள்வோம். மத்தேயுவில் வருகிறபடி சீர்திருத்தச் சபைகளின் தமிழ் வேதாகமம் அதில் 'கடன்' என்ற சொல்லை வைத்திருக்கிறது. கத்தோலிக்கர் அன்றாடம் சொல்வதில் 'குற்றம்' என்று வரும். இரண்டும் சரியே. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனுக்கும் பாவத்துக்கும் பொது. கொங்குநாட்டுக்காரருக்கு இது எளிதில் பிடிபடும். கந்துவட்டி, மகளிர் குழுத் தவணை, கம்பெனியில் வாங்கிய அட்வான்ஸ் என்று கடனோடு கண் விழித்து, கடனோடு கண் மூடுகிறவர்கள் நாம். ஆனால் 'பாவம்' என்ற சொல்லுக்கு நம் ஊரில் வேறு கூட்டாளிகளும் உண்டு. வினை என்றால் அனுபவித்துத்தான் தீர்க்கவேண்டும். பாவ புண்ணியம் என்றால் தராசில் ஒன்றை ஏற்றி மற்றதை இறக்கலாம். தெய்வக் குத்தம் என்றால் கிடா வெட்டியோ பொங்கல் வைத்தோ சரிக்கட்டலாம். மன்னிப்பு இவற்றில் எதுவும் இல்லை. அதற்கு மன்னிக்கிற ஓர் ஆள் வேண்டும். அவர் வாயைத் திறந்து சொல்லவும் வேண்டும். ஆற்றில் முழுகி எழுந்து நாமே நமக்குச் சொல்லிக்கொள்கிற காரியம் அன்று.

வேதாகமத்தில் இதற்கான ஆதாரம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கவில்லை. பத்சேபாளிடம் தவறி, அவள் புருஷனையும் கொல்லக்கொடுத்த தாவீது ராஜாவின் அழுகை 51-ஆம் சங்கீதத்தில் இருக்கிறது. பாவத்தை மறைத்துவைத்த காலத்தில் எலும்பு உலர்ந்துபோனதையும், அறிக்கையிட்டதும் கிடைத்த விடுதலையையும் 32-ஆம் சங்கீதம் பேசுகிறது. வீட்டைவிட்டுப் போய்த் திரும்பிவந்த இளைய மகன் தான் ஒப்பித்துவந்த பேச்சை முடிப்பதற்குள் வேலைக்காரரைக் கூப்பிட்டு உயர்ந்த வஸ்திரம் எடுத்துவரச் சொல்லிவிடும் தகப்பனை லூக்கா காட்டுகிறார். கிறிஸ்துவுக்குள் இருப்பவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்பது ரோமர் எட்டாம் அதிகாரத்தின் தொடக்கம். இவை அனைத்திலும் என்னைப் பிடித்து நிறுத்துவது யோவானின் முதல் நிருபம், மூன்றாம் அதிகாரம். நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்க்கும்போது, தேவன் அந்த இருதயத்தைவிடப் பெரியவர் என்கிறார் யோவான். மனச்சாட்சி கொடுப்பது கடைசித் தீர்ப்பு அல்ல. அதற்கும் மேலே ஒரு நீதிமன்றம் இருக்கிறது. நிச்சயம் என்பதன் முழு விஷயமும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய ஐந்நூறு. தமிழ் எழுத்தில் முதலில் அச்சேறிய நூல் 1578-இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்' என்பது பலருக்குத் தெரியும். அதை ஆக்கிய அண்டிரிக் அடிகள் இரண்டே வருஷத்தில், 1580-இல், இன்னொரு நூலை அச்சிட்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. அது பாவசங்கீர்த்தனம் செய்வதற்கான கைந்நூல். எதைப் பாவம் என்று எண்ணவேண்டும், குருவிடம் எப்படி வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்று முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த புத்தகம். நம் மொழியின் முதல் சில அச்சுப் புத்தகங்களுள் ஒன்று குற்றம் சுமந்த நெஞ்சுக்காக வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கிறது.

கத்தோலிக்க வழியில் நிச்சயம் காது வழியாக வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. இப்போது அதை ஒப்புரவு அருளடையாளம் என்கிறார்கள். பெயரே நல்ல விளக்கம். குரு தன் வாயால் மன்னிப்பைச் சொல்கிறார். கேட்டதை உயிர் போனாலும் அவர் வெளியே சொல்லக்கூடாது. நோட்டை எதிரில் வைத்துக் கிழிப்பதைப் போன்றது இது, மனுஷக் குரலில். ஆனால் என் உள்மனந்திரும்புதல் போதுமானதாக இருந்ததா, நான் இறுதிவரை நிலைப்பேனா என்பதில் யாரும் தவறவே முடியாத அறிவைக் கோரக்கூடாது என்று 1547-இல் திரெந்து சங்கம் எச்சரித்தது. அகந்தைக்குப் போட்ட வேலி அது. எளிய மனசுக்காரர் சிலருக்கு அதே வேலி முள்ளாகவும் குத்தியிருக்கிறது.

லூத்தர் அந்த முள்ளில் கிடந்தவர். 1505-இல் எர்பர்ட் மடத்தில் சேர்ந்தபின், விட்டுப்போன பாவம் ஏதும் உண்டோ என்று மணிக்கணக்கில் அறிக்கை செய்து, கேட்டுக்கொண்டிருந்த ஸ்டாவ்பிட்ஸ் அடிகளையே களைக்கவைத்தார். பிற்பாடு அவர் கண்டது இதுதான்: மன்னிப்பு என் மனந்திரும்புதலின் ஆழத்தில் நிற்கவில்லை, வெளியிலிருந்து எனக்குச் சொல்லப்படும் வாக்கில் நிற்கிறது. சந்தேகம் வரும்போது உள்ளே துழாவாதே, உனக்குக் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பார் என்றார். அவர் மட்டுமல்ல, இயேசு சபையை நிறுவிய இக்னேசியஸும் 1522-இல் மன்ரேசாவில் இதே நோயில் தவித்தார். அறிக்கை செய்த பாவத்தையே திரும்பத் திரும்ப அறிக்கை செய்யத் தோன்றி, உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போய் மீண்டார். எதிரெதிர் முகாம்களின் தலைவர்கள் இருவரையும் வாட்டியது ஒரே வியாதி.

1706 ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு லூத்தரின் வாக்கைத் தமிழில் கொண்டுவந்தார். கூடவே ஹாலே நகரத்துப் பக்திமார்க்கத்தின் ஒரு அழுத்தமும் வந்தது: உடைந்து அழுகிற ஒரு போராட்டத்தைக் கடந்தால்தான் மனந்திரும்புதல் உண்மையானது என்பது. இங்கேதான் ஒரு திருப்பம் நேர்ந்தது என்று நினைக்கிறேன். நிச்சயம், வெளியிலிருந்து வரும் வாக்கைவிட்டு, உள்ளே எழும் உணர்ச்சிமேல் மெல்ல மெல்லச் சாய்ந்தது. 1738 மே 24 மாலை லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்ட ஜான் வெஸ்லி தன் நெஞ்சில் இதமான ஒரு அனலை உணர்ந்தார். மெத்தடிஸ்ட் இயக்கத்தின் நிச்சயம் பற்றிய பேச்சுக்கு அந்த அனல் பெரிய சாட்சியாயிற்று. இங்கே 1860-இல், சுவிசேஷகர் அருளப்பனின் கிறிஸ்டியன்பேட்டையிலும் சுற்றிய திருநெல்வேலிச் சபைகளிலும் எழுப்புதல் வந்தபோது, ஜனங்கள் தங்கள் பாவங்களைச் சொல்லி அழுது, பிறகு சந்தோஷத்தில் பாடினார்கள். இன்றைய பெந்தெகொஸ்தே கூட்டங்களின் 'சாட்சி' நேரத்துக்கு இவையெல்லாம் மூதாதை. நான் அந்த அனலைக் குறைத்துப் பேசவில்லை. எனக்கும் அது வாய்த்திருக்கிறது. ஆனால் அனல் தணிகிற நாட்களும் உண்டு. அன்றைக்கு மன்னிப்பும் தணிந்துவிட்டதா?

இதற்குப் பதிலை நான் கண்ட இடம் ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்'. 1678-இல் ஆங்கிலத்தில் வந்த அந்தக் கதையைத் தழுவித்தான் வைணவராய்ப் பிறந்து 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894-இல் வெளிவந்த, மூவாயிரத்துக்கும் மேல் செய்யுள் கொண்ட காவியம். கம்பனையும் ஆழ்வார்களையும் கரைத்துக் குடித்த ஒருவர், சிலுவையடியில் சுமை விழும் கதையைக் காவியத் தமிழில் பாடியது நம் மொழிக்குக் கிடைத்த பேறு. சரணாகதியை வைணவத்தில் அறிந்திருந்தவருக்கு மன்னிப்பைச் சொல்லப் புதிதாக ஒரு நாக்கு தேவைப்படவில்லை.

மூலக்கதையை நினைத்துப் பாருங்கள். முதுகில் சுமையோடு வருகிற பிரயாணி சிலுவையைக் கண்டதும் சுமை தானாகக் கழன்று, உருண்டு, கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் கையில் முத்திரையிட்ட ஒரு சுருள் கொடுக்கப்படுகிறது. அதுதான் நிச்சயம். கொஞ்ச தூரம் போய், மலையேற்றத்தில் ஒரு நிழலில் அவன் அயர்ந்து தூங்கும்போது அந்தச் சுருள் கையிலிருந்து நழுவிவிடுகிறது. பிறகுதான் தெரிகிறது. அழுதுகொண்டே வந்த வழியெல்லாம் திரும்பி நடந்து தேடி எடுக்கிறான். பலரும் கவனிக்காமல் போகிற ஒன்று இங்கே இருக்கிறது. சுருள் தொலைந்த அந்த நேரத்திலும் சுமை முதுகுக்குத் திரும்பி வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. தொலைந்தது நிச்சயம், மன்னிப்பு அல்ல. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்த ராத்திரிகளிலும் அவருக்குக் கடன் இல்லைதானே!

வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய சீர்திருத்தச் சபையாரும் 1646-இல் முடித்த தங்கள் அறிக்கையின் பதினெட்டாம் அதிகாரத்தில் இதையே ஒப்புக்கொண்டார்கள்: மெய்யான விசுவாசியும் நிச்சயம் இல்லாமல் வெகுகாலம் காத்திருக்க நேரலாம். 1999 அக்டோபர் 31 அன்று அவுக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கூட்டாகக் கையெழுத்திட்டபோது, நிச்சயத்துக்கென்றே அதில் ஒரு பகுதி இருந்தது. தன் பலவீனத்தைப் பார்த்து ஒருவர் கலங்கலாம், கடவுளின் வாக்கைப் பார்த்துத் திடப்படலாம் என்ற அளவில் இருதரப்பும் கைகோத்தன. 2006-இல் மெத்தடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். நானூறு வருஷத்துக்கும் மேற்பட்ட சண்டை இந்த அளவுக்குத் தணிந்த செய்தி நம் கிராமத்துச் சபைகளுக்கு இன்னும் வந்துசேரவில்லை என்பது எனக்கு வருத்தம்.

இனி, எங்கள் சபைக்கு வருகிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. விடிகாலையில் கம்பெனி வேன் ஏறினால் இருட்டியபின்தான் வீடு. வருஷா வருஷம் கன்வென்ஷன் கூட்டத்தில், பாவமன்னிப்புக்காக ஜெபிக்க விரும்புகிறவர்கள் முன்னே வாருங்கள் என்று பிரசங்கியார் அழைக்கும்போது முதலில் எழுந்து போகிறவர் அவர்தான். ஒருமுறை, மறுபடி ஞானஸ்நானம் எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டார். கூட்டம் கலைந்தபின் உட்காரவைத்துப் பேசினேன். அம்மா செத்துப்போன ராத்திரி ஷிப்மெண்ட் அவசரம். ஓவர்டைமில் இருந்தார். செல்போன் வெளியே லாக்கரில். எடுத்துப் பார்த்தபோது பதினொரு அழைப்பு.

"நான் வூட்ல இருந்திருந்தா அம்மா பொழச்சிருக்குமுங்க சார். அதுக்கு மன்னிப்புக் கெடைக்குமாங்க?"

அதற்கு என்னால் மன்னிப்பு உண்டு என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அது பாவமே இல்லை. குற்றத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த துக்கம் அது. பாவமில்லாததுக்கு எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டாலும் மன்னிப்பு வந்துசேராது. அழுது தீர்க்கத்தான் வேண்டும். இப்படிப்பட்டவர்களை வருஷா வருஷம் முன்னே வரவழைத்து அழவிட்டு அனுப்புவது ஊழியம் ஆகாது. வியாதி வந்தால் ஒளித்த பாவம் காரணம் என்று அடித்துச் சொல்கிற பிரசங்கத்தைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பிறவிக் குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று கேட்ட சீடர்களுக்கு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னது யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

மனநல மருத்துவர்கள் சொல்வதையும் சபைகள் காதில் போட்டுக்கொள்ளவேண்டும். காரணத்துக்கு மிஞ்சிய குற்ற உணர்வு மனச்சோர்வு நோயின் அடையாளங்களில் ஒன்று. கையை நூறு தடவை கழுவவைக்கிற எண்ணச் சுழற்சி நோய், சிலரை ஒரே பாவத்துக்கு நூறு தடவை மன்னிப்புக் கேட்கவைக்கும். அவர்களிடம் விசுவாசம் போதவில்லை என்று சொன்னால் புண்ணில் உப்பு வைத்ததாகிவிடும். அரசின் டெலி-மானஸ் எண் 14416 தமிழிலும் பேசும், காசில்லை. அந்த எண்ணைச் சபை வாசலில் எழுதிவைக்க ஒரு பெயிண்டர் போதும்.

அன்றைக்குப் பேச்சு அதோடு முடியவில்லை. அம்மா விஷயத்தைத் தள்ளி வைத்ததும் அடியில் கிடந்த வேறொன்று வெளியே வந்தது. ஆறேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு பண்டில் மிஸ்டேக் பீஸ் இவர் கையைத் தாண்டிப் போய்விட்டது. சூப்பர்வைசர் கேட்டபோது பக்கத்து மேசைப் பெண்ணைக் கைகாட்டிவிட்டார். அந்தப் பெண்ணை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. குரல் மட்டும் உள்ளே போய்விட்டது. இது அசல் கடன்.

இந்த இடத்தில்தான் மன்னிப்பின் போதனையை மிகவும் மலிவாக விற்கிறார்கள். கடவுள் மன்னித்துவிட்டார், பழையவை ஒழிந்துபோயின, அதோடு சரி. வேதம் அப்படிச் சொல்லவில்லை. அயலானை ஏமாற்றியவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுத்த பிறகே குற்றநிவாரண பலியோடு வரவேண்டும் என்கிறது லேவியராகமம் ஆறாம் அதிகாரம். பலிபீடத்தண்டை காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, சகோதரனிடம் போய் ஒப்புரவாகு என்றார் இயேசு. ஆயக்காரன் சகேயு நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். ஆனால் வரிசையைக் கவனிக்கவேண்டும். அவன் திருப்பித் தந்ததால் இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவன் கை தாராளமாயிற்று. பயத்தில் இருக்கிறவன் கணக்கை மறைப்பான். மன்னிப்பின் நிச்சயம் உள்ளவனுக்குக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டும் தைரியம் வரும்.

நம் மாவட்டத்துக்கே இதில் ஒரு பாடம் உண்டு. நொய்யல் ஆற்றில் பாசனத்துக்கென்று கட்டி 1992-இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவுத் தொட்டியாகிப்போனது. அணை வேண்டாம், தண்ணீரைத் திறந்து காலிசெய்யுங்கள் என்று விவசாயிகளே நீதிமன்றத்தில் நின்றார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்த நொய்யலில் நஞ்சு கலந்ததில் பங்கு யாருக்கெல்லாம் என்று கேட்டால், சாயத்துணி விற்ற காசில் கூலி வாங்கிய, காணிக்கை போட்ட நாமும் அதில் வருவோம். இந்தப் பாவத்துக்குத் தனியாக முழங்காலில் நின்று மன்னிப்புப் பெற்று எழுந்துவிட முடியுமா? உப்பேறிய கிணற்றுக்காரரிடம் யார் போய் என்ன சொல்வது? கூட்டாகச் செய்த பாவத்தைப் பற்றி நம் பிரசங்கங்கள் அநேகமாக வாய் திறப்பதில்லை. இந்தக் கேள்வியின் ஆகப் பெரிய வெற்றிடம் இதுதான் என்பேன்.

செக்கிங் வேலைக்காரப் பெண்ணுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் வேதபுத்தகத்தைத் திறந்து அந்தக் கிழிந்த தாளைக் காட்டினேன். உன் கடவுளிடத்தில் உன் நோட்டு கிழிந்துவிட்டது அம்மிணி, அதற்காக இனி முன்னே வரவேண்டியதில்லை என்றேன். வேலை போன அந்தப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் இருக்கிற நோட்டு வேறே என்றும் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் நின்றார். அவளைக் காரத்தொழுவுப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள் என்று விசாரித்துப் போயிருக்கிறார். ஒரு மாசச் சம்பளத்தைக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு போனாராம். நடந்ததைச் சொன்னாராம். அந்தப் பெண் வெகுநேரம் தையல் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம்.

"மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலீங்க சார்."

"காசு?"

"வாங்கலீங்க. அப்பிடியே மிஷின் மேல வெச்சுட்டு வந்துட்டனுங்க."

"வேற ஒண்ணுமே பேசலியா?"

கொஞ்சம் யோசித்தார். "கெளம்பறப்போ, வெயில் தாந்து போங்கன்னு சொல்லுச்சுங்க. டீ வெச்சுக் குடுத்துச்சு."